வட்டத்துள் இட்ட புள்ளி: இறுதிக்குறிப்புகளைக் கண்டறிதலும் அமைத்தலும்

அரபி மொழியில் 'ஹாஷியா' என்னும் சொல்லுக்கு ஓரம், கரை, ஆடையின் விளிம்பு என்பன பொருள்களாகும். நூற்பக்கத்தில் எழுத்துப்படாத ஓரத்தையும், பின்னாளில் அவ்வோரத்தில் எழுதப்பட்ட விளக்கத்தையும் அச்சொல் குறிக்கலாயிற்று. மதரஸாவில் 'ஹிதாயா'வும் 'ஷரஹ் ஜாமீ'யும் ஓதியவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வடநாட்டுக் கல்லச்சுப் பதிப்புகளில் மூலம் பக்கத்தின் நடுவே நிற்கும். அதனைச் சூழ்ந்து நேராகவும் சாய்வாகவும் சிற்றெழுத்தில் குறிப்புகள் செல்லும். ஆசிரியர் மூலத்தை வாசிக்க, மாணவரின் கண் ஓரத்தில் நிலைத்திருக்கும் காட்சி நம் வகுப்பறைகளுக்குப் புதிதன்று.

ஓரத்தில் இருந்த குறிப்பு அச்சுக்கலை வளர்ந்தபோது பக்கத்தின் அடிக்கு இறங்கி 'அடிக்குறிப்பு' ஆயிற்று. அங்கிருந்து நூலின் கடைசிக்குச் சென்று 'இறுதிக்குறிப்பு' ஆயிற்று. இடம் மாறினாலும் கடமை மாறவில்லை. இதைச் சொன்னவர் யார், எங்கிருந்து எடுக்கப்பட்டது, வாசிப்பவர் சென்று பார்க்க வழி என்ன என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தருவதே அதன் பணி. ஆனால் குறிப்பு மூலத்தைவிட்டு எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவுக்கு வழிதவறும் வாய்ப்பும் மிகுகிறது. ஓரக்குறிப்பு தவறினால் அதே பக்கத்தில் தெரிந்துவிடும். இறுதிக்குறிப்பு தவறினால், இருநூறு பக்கம் புரட்டிச் சென்று பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

கணினியில் பக்கமாக்கம் செய்யும்போது இறுதிக்குறிப்புகள் எவ்வாறு தவறுகின்றன, அவற்றை எவ்வாறு தேடிக் கண்டுபிடிப்பது, எவ்வாறு ஒழுங்குற அமைப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இது பக்கமாக்கம் செய்வோர் வேலையன்றோ, ஆலிம்களுக்கும் பேராசிரியர்களுக்கும் இதில் என்ன என்று வினவுவோர் இருக்கலாம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் எண்ணத்தை மாற்றியது வேடந்தாங்கலைப் பற்றி நாம் எழுதிய ஒரு கட்டுரை.

கவுலும் அதன் சான்றும்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கலைப் பறவைகளின் சரணாலயமாகவே எல்லாரும் அறிவர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. நீரில் நிற்கும் கடம்ப மரங்கள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை அவற்றின்மேல் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆங்கிலச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு 'கவுல்' எழுதித் தந்தார் என்பது வரலாறு. அந்த ஆவணம் காணாமற்போனதால் 1858இல் அது புதுப்பிக்கப்பட்டதென்று கூறுவர். 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இவ்வேரி இடம்பெற்றது.

நம்மை ஈர்த்தது பறவையன்று, 'கவுல்' என்னும் சொல். இது நாம் அன்றாடம் வகுப்பில் சொல்லும் 'கவ்ல்' அன்றி வேறில்லை. 'காலா' என்னும் வினையின் பெயர்வடிவம். சொல், கூற்று, வாக்கு என்பன அதன் பொருள்கள். பாரசீக ஆட்சிமொழி வழியாக இந்நாட்டு வருவாய்த் துறைக்குள் நுழைந்து, எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதிமொழி, குத்தகைச் சீட்டு என்னும் பொருளைப் பெற்றது. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியிலும் இதனைக் காணலாம். ஓர் அரபுச் சொல் செங்கல்பட்டுச் சீமையின் ஏரிக்கரையில் பறவைகளுக்குக் காவல் நின்ற செய்தியை நாம் 14 இறுதிக்குறிப்புகளோடு ஒரு மலருக்கு எழுதிக் கொடுத்தோம்.

ஓர் எண் மறைந்த கதை

மலர் வெளிவந்து சில வாரங்களுக்குப்பின் நம் மாணவர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், 1858இல் கவுல் புதுப்பிக்கப்பட்டதற்கு நீங்கள் காட்டியிருக்கும் அகராதியைப் பார்த்தேன். அதில் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. வேடந்தாங்கலைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. அப்படியானால் அந்தச் செய்தி ஆதாரமற்றதா?" என்று பணிவோடு கேட்டார். நாம் மலரை எடுத்துப் பார்த்தபோது நாணம் மேலிட்டது. ஐந்தாம் எண் தொடங்கி இறுதிவரை ஒவ்வொரு செய்தியும் தனக்கு முந்திய செய்தியின் ஆதாரத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. பதினான்காம் குறிப்பைச் சுட்ட எவ்வெண்ணும் இல்லை.

நடந்தது இதுதான். கட்டுரையைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, குறிப்பெண்களை நாமே கையால் இட்டு மேலே உயர்த்தியிருந்தோம். அச்சகத்தில் அதனை யூனிகோடுக்கு மாற்றினர். மாற்றத்தில் எழுத்துகள் பிழையின்றி வந்தன. ஆனால் எண்களின் உயர்வு போயிற்று. வாக்கியத்தின் இறுதியில் நின்ற எண்கள் கண்ணுக்குத் தெரிந்ததால் அவற்றை மீண்டும் உயர்த்திவிட்டனர். 1798 என்னும் ஆண்டை ஒட்டி நின்ற ஐந்தாம் குறிப்பெண்ணோ ஆண்டோடு இணைந்து 17985 ஆகிவிட்டது. அப்படி ஓர் ஆண்டு இருக்க முடியாது எனக் கண்டவர், கடைசி இலக்கத்தைத் தட்டச்சுப் பிழையெனக் கருதி நீக்கினார். அடுத்து மெய்ப்புப் பார்த்தவர் நான்குக்குப்பின் ஆறு வருவதைக் கண்டு, ஆசிரியர் எண்ணைத் தவறவிட்டார் என நினைத்து ஆறை ஐந்தாகவும் ஏழை ஆறாகவும் திருத்திக்கொண்டே சென்றார். இருவரும் கவனமாகவே வேலை செய்தனர். உள்ளே 13 எண், கடைசியில் 14 குறிப்பு என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்க வேண்டியவர் நாம்.

மூல ஆவணம் இல்லாத ஒரு செய்திக்குக் குறிப்பே ஆவணம். அதன் எண் மாறினால் உண்மையான செய்தியும் கட்டுக்கதையைப் போலாகிவிடும். மாணவரின் ஐயம் அதைத்தான் நமக்கு உணர்த்திற்று. ஒரு ஹதீஸின் மத்ன் இருக்க, அதன் இஸ்னாத் வேறொரு ஹதீஸுக்கு ஏறிவிட்டதைப் போன்றது இது.

முன்னோர் கையாண்ட குறிகள்

கையெழுத்துப் படிகளில் இத்தகைய பிழை நேராதிருக்க முன்னோர் கொண்ட முறைகள் வியப்பூட்டுவன. ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கலை பற்றிய தமது புகழ்பெற்ற நூலில், எழுதும்போது விடுபட்டதை ஓரத்தில் சேர்ப்பது எப்படி என்பதை விளக்குகிறார்கள். இவ்வாறு சேர்க்கப்படுவதற்கு 'லஹக்' என்று பெயர். விடுபட்ட இடத்திலிருந்து ஒரு கோட்டை வரிகளுக்கிடையே மேல்நோக்கி எழுப்பி, சேர்ப்பு இருக்கும் ஓரத்தின் பக்கமாக அதனை வளைக்க வேண்டும். சேர்ப்பு முடியுமிடத்தில் 'ஸஹ்ஹ' (சரியானது) என எழுத வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், இடமும் குறிப்பும் ஒரே கோட்டால் பிணைக்கப்பட்டுள்ளன. எண் இல்லை, ஆகவே எண் மாறும் அச்சமும் இல்லை.

ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு வட்டம் இடுவதும் வழக்கம். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் பக்தாதீ (ரஹ்) அவர்கள், இவ்வட்டங்களை முதலில் வெறுமையாக விட்டுவிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு முடிந்த ஹதீஸின் வட்டத்துள் மட்டும் ஒரு புள்ளி இடுவதை விரும்பினார்கள். புள்ளியில்லாத வட்டம் இன்னும் ஒப்பிடப்படாதது. எந்த வேலை முடிந்தது, எது எஞ்சியது என்பதை ஏட்டைப் புரட்டிய அளவில் அறியலாம்.

கல்லச்சு நூல்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு ஓரக்குறிப்பின் முடிவிலும் 12 என்னும் எண் இடப்பட்டிருக்கும். புதிதாக ஓத வரும் மாணவர் அதைக் குறிப்பெண் என மயங்குவர். அது அப்ஜத் கணக்கு. 'ஹா'வுக்கு எட்டு, 'தாலு'க்கு நான்கு. சேர்ந்தால் 'ஹத்', அதாவது எல்லை. குறிப்பு இங்கே முடிந்தது, இதற்குமேல் வருவது வேறொரு குறிப்பு என்பதற்கான வேலி அது. இந்நூல்களைக் கணினியில் மறுபதிப்புச் செய்வோர் இதனை அறியாமல் பன்னிரண்டாம் குறிப்பைத் தேடி அலையாதிருப்பாராக!

பிணைப்பு, ஒப்பீடு, எல்லை ஆகிய மூன்றையும் முன்னோர் குறிகளால் காத்தனர். கணினியிலும் நாம் காக்க வேண்டியவை இம்மூன்றே.

பிணைந்த குறிப்பும் பிணையாத குறிப்பும்

தமிழ்நாட்டில் நூலாக்கம் நெடுங்காலம் பேஜ்மேக்கர் மென்பொருளில் நடந்தது. 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன அம்மென்பொருளில் அடிக்குறிப்புக்கோ இறுதிக்குறிப்புக்கோ தனி வசதி கிடையாது. எண்ணையும் குறிப்பையும் சாதாரண எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைனில் 2005இல் அடிக்குறிப்பு வசதி வந்தது. இறுதிக்குறிப்பு வசதியோ 2017 அக்டோபரில் வெளியான 2018ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. குவார்க் எக்ஸ்பிரஸ் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டையும் பெற்றது. ஆகவே நம் அலமாரிகளிலுள்ள ஆய்வு நூல்களில் பலவற்றின் குறிப்பெண்கள் கையால் இடப்பட்டவை.

கையால் இட்ட எண் பிணையாத எண். அதற்கும் கடைசிப் பக்கத்திலுள்ள குறிப்புக்கும் உறவு நம் மனத்தில் மட்டுமே உண்டு; கணினிக்கு அது தெரியாது. நடுவே ஒரு குறிப்பைச் சேர்த்தால் அடுத்து வரும் எல்லாவற்றையும் நாமே மாற்ற வேண்டும். மென்பொருளின் வசதி வழியாக இட்ட எண்ணோ 'லஹக்'கின் கோட்டைப் போன்றது. இடையே புதிய குறிப்பு வந்தால் மற்றவை தாமே எண் மாறிக்கொள்ளும். பத்தியை இடம்மாற்றினால் குறிப்பும் வரிசையில் உரிய இடத்துக்குச் செல்லும். உரையில் எண்ணை நீக்கினால் கடைசியில் குறிப்பும் நீங்கும். ஆகவே முதல் விதி, குறிப்பெண்ணை ஒருபோதும் கையால் இடாதிருத்தல்.

வேர்டில் எழுதுவோர் 'ரெஃபரன்சஸ்' பட்டியலில் 'இன்சர்ட் எண்ட்நோட்' என்பதைச் சொடுக்கலாம். அல்லது கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தலாம். தொடக்கத்தில் ரோமன் எண்களே வரும்; அவற்றை 1, 2, 3 என மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணின்மேல் இருமுறை சொடுக்கினால் குறிப்புக்கும், குறிப்பின் எண்ணில் சொடுக்கினால் உரைக்கும் சென்று மீளலாம். இத்தகைய கோப்பை இன்டிசைனுக்குள் கொண்டுவரும்போது, இறக்குமதித் தெரிவுகளைக் காட்டுமாறு செய்து, அதில் 'எண்ட்நோட்ஸ்' என்பதற்குக் குறியிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். 2018க்கு முந்திய பதிப்புகளில் இறுதிக்குறிப்புகள் பிணைப்பற்ற வெறும் எழுத்தாகவே வந்து சேரும்.

தேடிக் கண்டறிதல்

வேர்டு கோப்பில் தேடல் எளிது. தேடும் கட்டத்தில் கூரைக்குறியையும் அதையடுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து 'இ'யையும் இட்டால், பிணைந்த இறுதிக்குறிப்பெண்கள் ஒவ்வொன்றாக வரும். 'இ'க்குப் பதில் 'எஃப்' இட்டால் அடிக்குறிப்புகள் வரும். கண்ணுக்கு எண்ணாகத் தெரிந்தும் இத்தேடலில் அகப்படாத ஒன்று இருந்தால், அது கையால் இட்டது என அறியலாம்.

ஏற்கெனவே பக்கமாக்கப்பட்ட, பிணைப்பற்ற எண்களைக் கொண்ட நூலாயின் இன்டிசைனில் 'கிரெப்' என்னும் தேடலை நாட வேண்டும். 2007 முதல் உள்ள இத்தேடல் சொல்லைத் தேடாமல் வடிவத்தைத் தேடுகிறது. பின்சாய்கோடு, ஆங்கிலச் சிற்றெழுத்து 'டி', கூட்டல் குறி என அடுத்தடுத்து இட்டால் எல்லா இலக்கத் தொடர்களும் கிடைக்கும். அதனோடு எழுத்தமைப்பில் 'சூப்பர்ஸ்கிரிப்ட்' என்னும் நிபந்தனையையும் சேர்த்தால், உயர்த்தப்பட்ட எண்கள் மட்டும் வரிசையாக வரும். அவற்றுக்கெல்லாம் ஒரு தனி எழுத்து ஸ்டைலைச் சூட்டி வண்ணம் கொடுத்துவிட்டால் பக்கந்தோறும் அவை பளிச்செனத் தெரியும்.

உயர்வு இழந்த எண்களைத் தேடுவதே அரிது. நம் கட்டுரையில் நேர்ந்ததும் அதுவே. மேற்கண்ட வடிவத்தில் கூட்டல் குறிக்குப் பதிலாக நெளிவடைப்புக்குள் 5 என இட்டால், ஐந்து இலக்கம் தொடர்ந்து வரும் இடங்கள் கிடைக்கும். வரலாற்றுக் கட்டுரையில் ஐந்திலக்க எண் அரிதாகையால், வருவனவற்றுள் பல ஆண்டோடு ஒட்டிய குறிப்பெண்ணாகவே இருக்கும். ஹிஜ்ரி ஆண்டுகள் மூன்றிலக்கமாகவும் வருவதால் நம்மவர் கட்டுரைகளில் நான்கிலக்க எண்களையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். 643ஐ ஒட்டிய இரண்டாம் குறிப்பு 6432 என நிற்கக்கூடும். முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி ஆகியவற்றை இடைவெளியின்றி ஒட்டிவரும் எண்களையும் தனியே தேடுதல் நன்று. சிலர் யூனிகோடில் தனியெழுத்தாகவே உள்ள சிறிய மேல் எண்களைப் பயன்படுத்துவர். அவற்றையும் தனியாகத் தேட வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இன்டிசைனில் இறுதிக்குறிப்புகள் தனிச் சட்டகத்தில் தனி உரையோட்டமாக நிற்கும். தேடும் எல்லை 'ஸ்டோரி' என இருந்தால் அவை தேடலுக்குள் வாரா. ஒரு பெயரின் எழுத்தைத் திருத்தும்போது உரையில் திருந்தி, குறிப்பில் பழையபடியே நிற்பது இதனாலேயே. எல்லையை 'டாக்குமெண்ட்' என வைத்துக்கொள்க.

ஒழுங்குற அமைத்தல்

'டைப்' பட்டியலிலுள்ள 'டாக்குமெண்ட் எண்ட்நோட் ஆப்ஷன்ஸ்' என்பதில் அமைப்புகள் அனைத்தும் உள்ளன. தலைப்பு 'எண்ட்நோட்ஸ்' என்றே வரும். அதனைத் 'குறிப்புகள்' என மாற்றுக. எண்கள் நூல் முழுதும் தொடர வேண்டுமா, உரையோட்டந்தோறும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா என்பதை அங்கே தெரிவு செய்யலாம். பல ஆசிரியர் எழுதிய தொகுப்பாயின் பிந்தியதே ஏற்றது. அப்பொழுது குறிப்புப் பகுதியில் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் இடுதல் வேண்டும். இல்லையேல் நூலில் பத்து 'ஒன்றாம் குறிப்பு' இருக்கும், எது எதற்கென வாசகர் திகைப்பர். அடிக்குறிப்பை இறுதிக்குறிப்பாகவும் மறுதலையாகவும் மாற்றும் வசதியும் அதே பட்டியலில் உண்டு.

குறிப்பெண்ணின் உயர்வும் அளவும் தமிழுக்கேற்ப அமைய வேண்டும். மென்பொருள் தன்னியல்பாகத் தருவது எழுத்தளவில் 58.3 விழுக்காடும் உயர்வில் 33.3 விழுக்காடும் ஆகும். தமிழில் இகர ஈகாரக் கொம்புகளும் மெய்ப்புள்ளியும் மேலே எழுவதால் எண் அவற்றோடு மோதக்கூடும். ஆகவே உயர்வைச் சற்றுக் கூட்டுவதோடு, எண்ணை ஆண்டுக்கோ சொல்லுக்கோ ஒட்டாமல் வாக்கிய முடிவில் நிறுத்தற்குறிக்குப்பின் வைப்பது நன்று. அவ்வாறு நாம் செய்திருந்தால் 17985 பிறந்திராது.

குறிப்புகளின் பத்தி ஸ்டைலில் எண் வெளியே நிற்க, தொடரும் வரிகள் உள்ளே தள்ளி நிற்கும்படி அமைத்தால் முன்னோரின் 12 செய்த வேலையை அந்த இடைவெளி செய்துவிடும். எழுத்தளவு உரையைவிட ஒன்றரை அல்லது இரண்டு புள்ளி குறையலாம்; வரியிடைவெளியை அதே விகிதத்தில் குறைத்தல் கூடாது. அரபிச் சொற்கள் அதே அளவில் மிகச் சிறுத்துத் தோன்றுமாதலால் அவற்றுக்குப் பெரிதான தனி எழுத்து ஸ்டைல் வேண்டும். தமிழும் அரபியும் உருக்குலையாமல் வர 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்னும் தெரிவு தேவை. இதனை உரைப்பத்திக்கு வைத்துவிட்டுக் குறிப்புப் பத்திக்கு வைக்க மறப்போர் பலர். உரையில் சரியாக நின்ற ஒற்றைக்கொம்பு குறிப்பில் எழுத்தின் பின்னே சென்று நிற்பது அதனால்தான்.

முகாபலா

மென்பொருள் பிணைப்பைக் காக்கும், உண்மையைக் காக்காது. ஆசிரியர் தவறான நூலைக் குறிப்பிட்டால் கணினி அதையும் ஒழுங்காக எண்ணிட்டுத் தரும். ஆகவே கடைசி மெய்ப்பு வந்ததும் ஒப்புநோக்கலாகிய 'முகாபலா' இன்றியமையாதது. முதலில் உரையிலுள்ள கடைசி எண்ணும் குறிப்புகளின் தொகையும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். பின்னர் ஒருவர் குறிப்பை வாசிக்க, மற்றவர் உரையில் அவ்வெண் நிற்கும் வாக்கியத்தை வாசிக்க வேண்டும். இதனை ஆசிரியரே செய்தாக வேண்டும். பக்கமாக்குபவருக்கு எந்த நூலில் என்ன இருக்கிறதெனத் தெரிய நியாயமில்லை.

வேடந்தாங்கல் கட்டுரையை மறுபதிப்புக்குக் கொடுத்தபோது, ஐயம் எழுப்பிய அம்மாணவரையே துணைக்கு அழைத்தோம். கட்டுரை முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்து, 14 குறிப்புகளையும் பிணைத்து, மெய்ப்பின் ஓரத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வெறும் வட்டம் வரைந்தோம். அவர் வாசிக்க, நாம் நூல்களைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றாகப் புள்ளியிட்டோம். ஒரு முற்பகலில் 13 வட்டங்கள் நிறைந்தன. எஞ்சியது ஐந்தாவது. பிளேஸ் கவுல் தந்த ஆண்டு 1798 என்றே பலரும் எழுத, 1796 என எழுதினோரும் உளர் என்பதை அப்பொழுதுதான் கண்டோம். அவர் 1794 முதல் 1798 வரை அப்பொறுப்பில் இருந்தவராதலால் இரண்டுக்கும் இடமுண்டு. முதற்பதிப்பில் ஐயத்துக்கிடமின்றி ஒரே ஆண்டை எழுதியிருந்த நாம், இம்முறை இரு கூற்றையும் குறிப்பில் சேர்த்தோம். குறிப்பு இரண்டு வரி நீண்டது. மாணவர் அதனை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, ஐந்தாம் வட்டத்துள்ளும் புள்ளியை இட்டார்.